இரண்டு விரல் உயரம்

அந்த ஒரு கோடையில் அவள் ஏழு கல்யாணம் பார்த்தாள். சொந்த ஊரில் ஏழு வருஷத்தில்கூட அத்தனை பார்த்ததில்லை. உறவுக்காரர்கள் கூப்பிட்டால் "வேலை தலைக்கு மேல இருக்கு" என்று தட்டிக் கழிப்பவள், கடல் தாண்டிப் போன இடத்தில் முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். அம்மாவுக்கு இதில் கடைசி வரை ஒரு மனத்தாங்கல் உண்டு.

போனது கல்யாணம் பார்க்க இல்லை. செயற்கைக் கால் செய்வது அவள் தொழில். ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் கால் செய்தவள், நாற்பத்தொரு வயதில் நான்கு மாத லீவு எடுத்துக்கொண்டு, ஆள் பற்றாமல் திண்டாடிக்கொண்டிருந்த ஒரு பட்டறைக்குப் போனாள். தன்னார்வலர் என்று கழுத்து அட்டையில் போட்டிருந்தது. யார் அதைப் படித்தார்கள்? போன மூன்றாவது வாரமே தங்கை அவளைப் பார்க்க வந்து பத்து நாள் தங்கினாள். பட்டறைக்குள் நின்று வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்றாள். அதுதான் பெயர் என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அறுபது வயது ஆள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார். திருத்தினால் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மறுபடி அக்கா என்றார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

பட்டறை ஒரு நீளக் கூடம். ஒரு பக்கச் சுவர் முழுக்க ஆணிகளில் கால்கள் தொங்கும், பாதி முடிந்தவையும் முழுசாக முடிந்தவையும். நடுவில் நடைப் பழக்கத்துக்கு இரண்டு இரும்புக் கம்பிகள், கம்பிகளின் முடிவில் ஆளுயரக் கண்ணாடி. மேசை, கதவுப்பிடி, தேநீர்க் கோப்பை எல்லாவற்றின் மேலும் மாவு படிந்திருக்கும். துண்டாகி மிஞ்சிய காலை மாவுக்கட்டில் அச்செடுக்கிற பெரியவர் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை வெள்ளையாகவே திரிவார். அக்கா அவருக்குச் சுண்ணாம்பு என்று மனசுக்குள் பெயர் வைத்தாள். பட்டறைத் தலைவிக்கும் ஒரு பெயர் வைத்தாள்: கறார். அக்கா வயதுதான். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பாள். ஓர் ஆணி குறைந்தாலும் சாயங்காலம் கண்டுபிடித்துவிடுவாள்.

அங்கே கோடை என்றால் கல்யாணக் காலம். வெளியே பிழைக்கப் போனவர்கள் லீவில் வரும் மாதங்கள் அவை. அதனால் பட்டறைக்கு வருகிற ஆளெல்லாம் ஒரே பாட்டைப் பாடினார்கள்: "என் தம்பி கல்யாணத்துக்குள்ள கால் ரெடியாயிடணும்." ரெடியானவுடன் அடுத்த வார்த்தை, "நீங்களும் வந்துடணும்." மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? தான் செய்த கால் ஒரு கல்யாணக் கூடத்தில் நடப்பதைப் பார்க்க அவளுக்கும் ஆசை இருந்தது. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

எல்லாருக்கும் முன்னால், அவள் போன இரண்டாவது வாரமே, வந்தவள் ஒரு பேக்கரிப் பெண். இருபத்தாறு வயது. நிச்சயம் ஆன பிறகு ஒரு லாரி இடித்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளிப்போனது. மாப்பிள்ளை நல்லவன், காத்திருந்தான். இப்போது கோடைக் கடைசியில் தேதி குறித்திருந்தார்கள். அவளுக்கு ஒரே ஒரு விருப்பம்தான். கூடத்தின் வாசலிலிருந்து மாப்பிள்ளை நிற்கிற இடம் வரைக்கும் கம்பு இல்லாமல், யார் கையையும் பிடிக்காமல், தானாக நடந்து போக வேண்டும்.

அக்கா அவளிடம் எல்லாம் கேட்டாள். எத்தனை அடி தூரம், படி உண்டா, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், பேக்கரியில் எத்தனை மணி நேர வேலை, எடை எவ்வளவு. ஆளுக்கொரு மஞ்சள் அட்டை உண்டு, அதில் பதில்களை எழுதினாள். 'காலணியின் குதி உயரம்' என்றிருந்த கட்டத்தில் கேட்காமலே, உயரம் பூஜ்யம் என்று ஒரு சுழியைப் போட்டாள்.

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பதினெட்டு வருஷமாக அந்தக் கட்டத்தில் சுழியைத் தவிர வேறெதையும் அவள் கை எழுதியதில்லை. வீட்டுக்குள்ளே வெறுங்கால், வெளியே தட்டைச் செருப்பு. அதற்குத்தான் அவள் கால் செய்து பழகியிருந்தாள். அதிலும் கல்யாணம் என்றதும் அவள் கண்முன் வந்தது தங்கையின் கல்யாண மேடை. மணப்பெண் மேடையில் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்பாளா என்ன?

கறார் போகிற போக்கில் கேட்கத்தான் செய்தாள். "செருப்பைப் பார்த்துட்டீங்களா?"

"அது தேவையில்லை. கல்யாணத்துக்குத்தானே?" என்றாள் அக்கா.

அவள் அதை அவ்வளவு தீர்மானமாகச் சொன்னதால், பார்த்துவிட்டாள் போலிருக்கிறது என்று கறார் நினைத்துக்கொண்டாள்.

கால் அருமையாக வந்தது. மிஞ்சிய கால் நுழைகிற கூடு, கெண்டைக்கால், பாதம் எல்லாம் ஒரே வார்ப்பாக, மேலே பிசின் பூசி, பெண்ணின் தோல் நிறத்துக்கே கொண்டுவந்திருந்தாள். பட்டறையின் தட்டைத் துணிச் செருப்பைப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பெண் கம்பிகளுக்கு நடுவில் நடந்தாள். ஒரு வாரத்தில் கம்பியை விட்டாள். இரண்டாவது வாரத்தில் வாசல் வரை போய்த் திரும்பினாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கை இருந்த பத்து நாளில் மூன்று முறை அந்தப் பெண்ணை நடக்கச் சொல்லிக் காட்டினாள். பேக்கரிப் பெண்ணும் சலிக்காமல் நடந்து காட்டினாள். வரும்போதெல்லாம் சூடாக ஒரு பை ரொட்டி வேறு கொண்டு வந்தாள்.

கோடை முடியப்போகிற நேரத்தில் அம்மா வந்தாள். அறுபத்தைந்து வயதில் முதல் விமானப் பயணம். வந்து இறங்கியதும் பட்டறைக்கு நேரே வந்து, எல்லோர் முன்னாலும், "பாப்பா, இப்படி இளைச்சுட்டியே!" என்றாள். சுண்ணாம்புப் பெரியவர் அர்த்தம் கேட்டார். அக்கா சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் சுண்ணாம்பின் மகனுக்குக் கல்யாணம். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். கூடத்து வாசலில் வழக்கப்படி செருப்பைக் கழற்றி, சுவரோரம் ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு பளபளவென்ற மரத் தரையில் உள்ளே போனாள். அக்கா முன்னால் போய்விட்டதால் கவனிக்கவில்லை. அதுவரை போன கல்யாணங்களில் அவளே ஷூவைக் கழற்றியதில்லை. வேலையிலிருந்து நேரே அரக்கப் பரக்கப் போய்ச் சேர்வதற்கே நேரம் சரியாக இருந்தது. மணப்பெண் உள்ளே வரும் நேரத்துக்கு ஒருமுறைகூட அவள் போனதில்லை.

அம்மா உள்ளே நுழைந்த மறு நிமிஷம் நான்கு பேர் எழுந்து ஓடி வந்தார்கள். ஒருவர் நாற்காலி போட்டார். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். சுண்ணாம்பின் மனைவி மண்டியிட்டு அம்மாவின் பாதத்தைத் தடவிப் பார்த்தாள்.

"கால்ல அடி பட்டுடுச்சா? வீங்கியிருக்கா? செருப்பு எங்கே?"

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்கு பாப்பா என் காலைப் பிடிக்கறாங்க?"

"செருப்பு ஏன் போடலைன்னு கேக்கறாங்கம்மா."

"நல்லா இருக்கே! கல்யாண வீட்டுக்குள்ள யாராவது செருப்போட வருவாங்களா?"

அக்கா சிரித்துக்கொண்டே அதை அவர்கள் மொழியில் சொன்னாள். சுண்ணாம்பின் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, செருப்பில்லாம யாராவது கல்யாணத்துக்கு வருவாங்களா? இருக்கறதிலேயே நல்ல ஜோடியை இன்னிக்குத்தானே எடுப்போம்!"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, வாசல் பக்கம் சத்தம் அடங்கியது. மணப்பெண் வந்துகொண்டிருந்தாள். எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். அக்காவுக்குக் காதில் விழுந்தது மரத் தரையில் டொக், டொக் என்ற சத்தம்தான். கண் கீழே போனது. குதி உயர்ந்த செருப்பு. மணப்பெண்ணின் தோழிகள் கால்களைப் பார்த்தாள். மாமியாரான சுண்ணாம்பின் மனைவியின் காலைப் பார்த்தாள். அவள் கண்ணுக்குப் பட்டவரை, தட்டையாகத் தரையில் பதிந்திருந்தவை அம்மாவின் இரண்டு பாதங்கள்தான்.

மஞ்சள் அட்டையில் தான் போட்ட சுழி அப்படியே கண்முன் வந்து நின்றது.

பேக்கரிப் பெண்ணும் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தாள், மூலை மேசையில், தட்டை ஷூ போட்டுக்கொண்டு. அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் கல்யாணச் செருப்பு எப்படி இருக்கும்?"

அந்தப் பெண்ணின் முகம் ஒரு கணம் மாறியது. "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லைக்கா. நான் பார்த்துக்கறேன்."

பேசும்போது கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். அதற்குள் அக்கா பார்த்துவிட்டாள். முழங்கையில் கன்றிப்போன நீலம்.

"நாளைக்கு அதை எடுத்துட்டு வா" என்றாள். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது.

மறுநாள் பெண் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தாள். உள்ளே சந்தன நிறச் செருப்பு, கணுக்காலைச் சுற்றி வார், வாருக்கு ஒரு சின்னப் பொத்தான். குதி சரியாக இரண்டு விரல் உயரம். அடியில் ஒரு கீறல் இல்லை. நிச்சயம் ஆன வாரம் வாங்கியதாம், இரண்டு காலும் இருந்தபோது.

போட்டுக்கொண்டு கம்பிகளுக்கு நடுவில் நின்றாள். தட்டைக்கு வைத்த பாதத்தின் குதியை இரண்டு விரல் தூக்கினால் என்ன ஆகும் என்று அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கெண்டைக்கால் முன்னால் சாய்ந்தது, முழங்கால் மடங்கியது, பெண் விழப்போனாள். அக்கா தாங்கிப் பிடித்தாள்.

"வீட்டுல எத்தனை தடவை விழுந்தே?"

"மூணு."

"ஏன்மா என்கிட்ட சொல்லலை?"

பெண் கண்ணாடியில் தன் காலையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எப்படிக்கா சொல்றது? நீங்க லீவு போட்டு, இவ்வளவு தூரம் சும்மா வந்து செஞ்சு குடுத்திருக்கீங்க. வர்றவங்ககிட்டயெல்லாம் என்னை நடக்கச் சொல்லிச் சந்தோஷப்படறீங்க. இது எனக்குச் சரியா இல்லைன்னு சொன்னா, நன்றி கெட்டவன்னு ஆயிடாதா?"

அக்காவுக்கு அவமானமாக இருந்தது. கால் தப்பாகப் போனதில்கூட அவ்வளவு அவமானம் இல்லை. அந்த ரொட்டிப் பைகள் ஒவ்வொன்றும் இப்போது ஞாபகம் வந்தன. அதுதான் தாங்கவில்லை.

நேரே கறாரிடம் போய்ச் சொன்னாள், மென்று முழுங்காமல். கறார் மஞ்சள் அட்டையை எடுத்து, கண்ணாடியை மாட்டி, அந்தச் சுழியை வெகுநேரம் பார்த்தாள்.

"கேட்டேனே. தேவையில்லைன்னீங்க."

"என் தப்பு. புதுசா ஒண்ணு செஞ்சுடறேன். ராப்பகலா உக்காந்து செய்யறேன்."

"எதை வச்சு? இருக்கற பிசினும் பாதமும் வரிசையில நிக்கற நாற்பது பேருக்கு. அவங்க காலை எடுத்து உங்க தப்புக்கு ஒட்டுப் போடச் சொல்றீங்களா?"

கறார் சொன்ன வழி ஒன்றுதான். கணுக்காலில் அறுத்து, ஆப்பு மாதிரி ஒரு மரத்துண்டை வைத்துப் பாதத்தைச் சாய்த்து, மறுபடி பிசின் பூசுவது. ஒரு தடவைதான் முடியும். இன்னொரு தடவை அறுத்தால் கணுக்கால் தாங்காது. அப்படிச் செய்துவிட்டால் அந்தக் கால் இரண்டு விரல் உயரத்துக்கு மட்டும்தான். தட்டை ஷூவோடு திங்கட்கிழமை பேக்கரியில் போய் நின்றால் பின்பக்கம் சாயும்.

"ஒரு நாள் நடக்கறதுக்காக வேலையை விட முடியுமா? செருப்போட குதியை அறுத்துடலாம். அதுதான் புத்திசாலித்தனம்" என்றாள் அக்கா.

"அதைச் செய்யுங்க. பாவாடைக்கு அடியில யார் பார்க்கப் போறா?" என்றாள் கறார்.

"பக்கத்துத் தெருவுல செருப்புத் தைக்கறவர் இருக்காரே..."

மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் கண் தெரியுமே. அவள் குறுக்கே பேசினாள்.

"பாப்பா, அந்தப் பொண்ணு எவ்வளவு நேரமா என்னமோ சொல்ல வாயைத் திறக்குது. நீங்க ரெண்டு பேரும் விடவே மாட்டேங்கறீங்களே!"

அக்கா சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தாள். பெண் செருப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லும்மா. உனக்கு என்ன வேணும்?"

பெண் ஒரே மூச்சில் சொன்னாள். "இதை இறக்க வேண்டாம்க்கா. மத்ததையெல்லாம் ஏத்திடலாம். வேலைக்குப் போடற ஷூ, வீட்டுச் செருப்பு, வெளியே போறது, மழைக்குப் போடற பூட்ஸ், எல்லாத்துக்கும் குதியில கட்டை ஒட்டிடுங்க. ரெண்டு காலுக்கும். கால் ஒரே உயரத்துக்குத்தான்னா, அது இந்த உயரமா இருக்கட்டும்."

"காலம் பூரா அந்த உயரத்துல நிக்கணும். எட்டு மணி நேரம் அடுப்படியில. யோசிச்சுச் சொல்லு" என்றாள் கறார்.

"நிக்கறேன். ரெண்டு வருஷமா எல்லாரும் என்னால எது முடியும்னு மட்டும்தான் கேட்டாங்க. வேணுங்கறதை இப்பதான் கேக்கறாங்க."

கறார் கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டு அட்டையிலிருந்த சுழியை அடித்தாள். பக்கத்தில் புது உயரத்தை எழுதச் சொல்லிப் பேனாவை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

அம்மாவை ஏரிக்கரைக்கும் மலைக்கும் அழைத்துப் போவதாக வைத்திருந்த நான்கு நாள் பயணம் அதோடு ரத்து. அம்மா கோபித்துக்கொள்வாள் என்று அக்கா பயந்தாள். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அந்த உப்புக் காகிதத்தை எடு" என்றாள். அக்கா கணுக்காலை அறுத்து, ஆப்பைச் செதுக்கி வைத்து, பிசின் காயக் காத்திருந்த நாட்களில், எட்டு மரக் குதிகளையும் அம்மாதான் தேய்த்து வழவழப்பாக்கினாள். சுண்ணாம்பு அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். இருவரும் ஆளுக்கொரு மொழியில் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது. நான்காம் நாள் மாலை தலைமுடி, புடவை, புருவம் எல்லாம் மரத்தூளாக நின்ற அம்மாவைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்தக் கோடையிலேயே அதுதான் பெரிய சிரிப்பு.

மீதி நாட்களெல்லாம் பெண் அந்தச் செருப்போடு கம்பிகளுக்கு நடுவில் நடந்து பழகினாள். கல்யாணத்தன்று எள் போட்டால் விழாத கூட்டம். இந்த முறை அம்மா செருப்போடுதான் உள்ளே வந்தாள். ஆனால் மனசு ஒப்பவில்லை. கால்களை நாற்காலிக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டு, "தெய்வமே, கோவிச்சுக்காதே" என்று முணுமுணுத்தாள். கறார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் குதி உயர்ந்த செருப்பில் வந்திருந்தது அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வாசலில் பேக்கரிப் பெண் கம்பை அப்பாவிடம் கொடுத்தாள். அவர் கை நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நடந்தாள். டொக் என்று ஒரு சத்தம், அடுத்தது கொஞ்சம் மந்தமாக ஒரு டொக். அக்கா எண்ணிக்கொண்டே இருந்தாள். முப்பதாவது அடியில் இடது முழங்கால் லேசாக நடுங்கியதை அவளும் கறாரும் மட்டும் பார்த்தார்கள். கறார் அக்காவின் கையை இறுகப் பிடித்தாள். நாற்பத்திரண்டாவது அடியில் பெண் மாப்பிள்ளை பக்கத்தில் போய் நின்றாள். நின்று, நிமிர்ந்து, கூட்டத்தில் தேடி, அக்காவைப் பார்த்தாள்.

அக்கா அழுதாள். அம்மா முந்தானையைக் கொடுத்தாள், துடைத்துக்கொள்ள.

இதெல்லாம் நடந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் கல்யாணம் முடிந்த பத்து நாளில் அக்கா ஊர் திரும்பினாள். திரும்பிய பிறகு எத்தனையோ கால்கள் செய்தாள். புதிதாக வருகிறவர்களிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி அன்றிலிருந்து ஒன்றுதான்: "பீரோவுல எடுத்து வச்சிருக்கிற செருப்பு ஏதாவது இருக்கா? அதையும் கொண்டு வாங்க." சிலர் விழிப்பார்கள். சிலர் அடுத்த தடவை வரும்போது காகிதத்தில் சுற்றி எதையோ கொண்டு வருவார்கள்.

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. ஏரியையும் மலையையும் கடைசி வரை பார்க்கவில்லை. அதைப் பற்றி ஒருநாளும் குறைப்பட்டதுமில்லை. அந்த ஊரைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், "எட்டுக் கட்டை தேய்ச்சேன்" என்பாள்.

போன வாரம் ஒரு தபால் வந்தது. உள்ளே ஒரு போட்டோ. பேக்கரி வாசலில், மாவு படிந்த ஏப்ரனோடு, கொஞ்சம் பெருத்து, நரை விழுந்து, அதே பெண். அக்கா முகத்தை அப்புறம்தான் பார்த்தாள். முதலில் பார்த்தது காலை. வேலைக்குப் போடுகிற கறுப்பு ஷூ, இரண்டு குதியிலும் இரண்டு விரல் கட்டை. பின்பக்கம் எழுதியிருந்தாள்.

"அக்கா, இது என்னோட அஞ்சாவது கால். ஒவ்வொரு தடவையும் புது ஆள் வந்து, வயசாகுது, இனிமே தட்டையா வச்சுக்கலாமேன்னு கேக்கறாங்க. அட்டையை வாங்கி நானே எழுதிடறேன். அம்மாகிட்ட சொல்லுங்க, நான் இன்னும் இறங்கலை."

அக்கா அதை அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று, சத்தமாக, ஒருமுறை படித்தாள்.